ஒன்பதாம் நிலவில் முப்பத்திரண்டு வெட்டு

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேர் மடிக்கணினியோடு கனடாவில் மார்க்கம் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பழைய படச்சுருள்களைக் கணினிக்குள் ஏற்றிப் பாதுகாக்கும் ஓரிடத்தில் வேலை செய்கிறவர்கள். ஒருத்தி எங்கள் தமிழ்ப் பிள்ளை. பெயர் அபிராமி, இங்கே பிறந்தவள். மற்றவர் அவளோடு வேலை செய்யும் சீன இளைஞர். ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்த அட்டையில் என் பெயரைக் கண்டு, யார் யாரையோ விசாரித்து என்னைப் பிடித்திருக்கிறார்கள்.

“அங்கிள், மற்ற றீல் எல்லாம் ஓகே. நாலாவது றீலிலை மட்டும் முப்பத்திரண்டு இடத்திலை சவுண்ட் ஜம்ப் பண்ணுது. ஒவ்வொரு இடத்திலையும் எக்ஸாக்ட்லி ரெண்டு பிறேம் இல்லை. டாமேஜ் எண்டால் இவ்வளவு நீற்றா இருக்காது. ஆரோ வெட்டியிருக்கினம்” என்றாள் அபிராமி.

அந்த ஆரோ நான்தான் என்றேன். அவள் மரியாதையான பிள்ளை. மேலே ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணியைக் குடித்தாள். கணினியைக் கொண்டு அந்த இடங்களை நிரப்பட்டுமா என்று இளைஞர் கேட்டார். ஏன் வெட்டினேன் என்பதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்று சொல்லி, முழுக் கதையையும் சொன்னேன். அவர்கள் போன பிறகு மனைவி சறோ, இதை எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் வருகிற எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே இருப்பீர்கள் என்றாள். அதனால் எழுதுகிறேன்.

ஊரில் நான் பதினொரு வருஷம் பௌதிகம் படிப்பித்தவன். கனடாவுக்கு அகதியாக வந்து முதல் மூன்று வருஷம் கோப்பை கழுவினேன், கட்டடங்களுக்குக் காவல் இருந்தேன், ஒரு பேக்கரியில் மா மூட்டை இறக்கினேன். பிறகு அஜின்கோர்ட்டில் எங்களோடு ஒரே கட்டடத்தில் இருந்த ஒருவர் சொல்லி, ரொறன்ரோவில் படச்சுருள் கழுவிப் பிரதி எடுக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் சேர்ந்தேன். முதலில் இரசாயனம் கலக்கும் பகுதி. ஒரு வருஷம் கழித்து, பழைய பிலிம்களைச் சோதித்துப் பழுது பார்க்கும் மேசைக்கு ஆள் தேவைப்பட்டது.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் மிஸ் ஐறீன். வடக்கே சுரங்க ஊர் ஒன்றில், ஒன்பது சகோதரங்களுக்கு மூத்தவராகப் பிறந்தவர். கலியாணம் செய்யவில்லை. அறுபதை நெருங்கிய, உயரமான, மெலிந்த மனுஷி. நேர்முகத்தில் அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு முழ நீளப் பிலிமைக் கையில் தந்து, மணிக்கூட்டைப் பார்த்தபடி இரண்டு நிமிஷம் இருந்தார். பிறகு அதை வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார். என் விரல்கள் பட்ட இடத்தில் ஈரம் இல்லை. பதினொரு வருஷம் சோக்கட்டி பிடித்த கை. அதில் வியர்வை ஊற வழியில்லை. இப்படித்தான் என் ஆசிரியத் தொழில் கனடாவில் முதன்முதலாக மதிக்கப்பட்டது.

தில்லைநாதன் என்ற பெயரை அங்கே ஒருவராலும் சொல்ல முடியவில்லை. டில் என்றார்கள். டில் என்பது இவர்கள் வெள்ளரிக்காய் ஊறுகாய்க்குப் போடும் இலை. பழுதாகும் பிலிமிலிருந்து, அதே ஊறுகாய்க்கு ஊற்றும் வினாகிரியின் மணம் வரும். அந்த மணத்தோடு பின்னேரம் வீட்டுக்குப் போனால், பெயருக்கு ஏற்ற வேலைதான் என்பாள் சறோ.

மிஸ் ஐறீனின் முறை இப்படி. பெட்டியைத் திறந்தவுடன் முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். பிறகு வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டு, பிலிமின் ஒரு நுனியை இடப்பக்கச் சுருளிலும் மறு நுனியை வலப்பக்கச் சுருளிலும் மாட்டி, கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். போகும் பிலிமின் இரண்டு ஓரங்களையும் இடது கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தொட்டும் தொடாமலும் பிடிக்க வேண்டும். கிழிசல் இருந்தால் கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரியும். தெரிந்த இடத்தில் ஒரு கடதாசித் துண்டைச் செருகிவிட்டு மேலே போக வேண்டும். முழுவதும் பார்த்து அட்டையில் எழுதிய பிறகுதான் பழுது பார்க்கலாம். படத்தின் கதையைப் பார்க்கக் கூடாது. கதை பார்க்கிறவனுக்குக் கிழிசல் தெரியாது என்பார்.

ஒட்டுவதற்கு இரண்டு வழி. ஒன்று ஒட்டுநாடா, பிழைத்தால் உரித்துவிடலாம். மற்றது பசை. அது பிலிமையே கரைத்து ஒன்றாக்கிவிடும். பசை ஒட்டைப் பிரிக்க முடியாது, வெட்டத்தான் வேண்டும். வெட்டினால் அந்தப் பக்கம் ஒரு பிறேம், இந்தப் பக்கம் ஒரு பிறேம், இரண்டு படம் போய்விடும். ஆகவே இன்னொருவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை பசைப் போத்தலின் மூடியைத் திறக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

அவர் ஒருநாளும் சத்தம் போட்டது கிடையாது. கோபம் வந்தால் கையுறையைக் கழற்றுவார். சின்னவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக இழுத்து, இரண்டையும் மடித்து, மேசை ஓரத்தில் நேராக வைப்பார். அதற்குள் அந்த அறையில் இருக்கும் எல்லாரும் தாங்கள் அந்த வாரம் செய்த பிழைகளை மனதுக்குள் வரிசைப்படுத்தி முடித்திருப்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு வைகாசி மாதம், டொறத்தி என்ற அம்மா ஆறு தகரப் பெட்டிகளோடு வந்தார். அவருடைய கணவர் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் எடுத்த படம். பெயர் ‘ஒன்பதாம் நிலவின் கைதிகள்’. காருக்குள் இருந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரைகளுக்காக அந்தக் காலத்தில் மலிவாக எடுத்துத் தள்ளிய விண்வெளிச் சாகசப் படங்களில் ஒன்று. ரொறன்ரோவுக்கு வெளியே மிஞ்சியிருந்த அப்படியொரு திரையில் ஆனிமாத முடிவில் அதைக் காட்ட ஒரு குழு முன்வந்திருந்தது. மூல நெகட்டிவ் எப்போதோ தொலைந்துவிட்டது. உலகத்தில் இருந்தது இந்த ஒரு பிரதிதான். இதிலிருந்து புதுப் பிரதி எடுக்க வேண்டும்.

நாலாவது பெட்டியைத் திறந்தபோது அதில் சுருள் இல்லை. நாற்பத்திரண்டு துண்டுகள் இருந்தன. ஒருமுறை நிலவறைக்குள் தண்ணீர் வந்து அந்த றீல் நனைந்ததாம். கணவர் அதைக் காட்சி மாறும் இடங்கள் பார்த்து வெட்டி, உடுப்புக் காயப்போடும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டுக் காயவைத்தாராம். ஆறுதலாக ஒட்டலாம் என்று பெட்டிக்குள் போட்டவர், அதற்குள் மாரடைப்பில் போய்விட்டார்.

டொறத்தி அன்று நிறையக் கதைத்தார். படத்தின் கதாநாயகி அவர்தான். உடுப்புத் தைத்தவரும் அவர்தான். எல்லாருக்கும் வேறு வேலை இருந்தபடியால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுத்தார்கள் என்றும், வேறு விதமாக எடுக்கத் தெரியாததால் கதையை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகவே எடுத்தார்கள் என்றும் சொன்னார். நான் துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அதைக் காதில் வாங்கவில்லை.

துண்டுகளின் வரிசையைச் சொல்ல அவர் வரவேண்டியிருந்தது. ஆனால் அடுத்த நாளே கண் ஒப்பரேஷன். மூன்று வாரத்துக்கு விளக்குப் பெட்டியைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். எழுதிய கதை எங்கும் இல்லை. பிலிமின் ஓரத்தில் கம்பெனி அச்சடிக்கும் இலக்கங்களைப் பார்த்தால் வரிசை தெரியும் என்று போனால், அதுவும் உதவவில்லை. மற்றவர்கள் படம் எடுத்து மிஞ்சிய துண்டு பிலிம்களை வாங்கி எடுத்திருக்கிறார்கள். இலக்கங்கள் முன்னுக்கும் பின்னுக்கும் துள்ளின. நாலாம் றீலில் பேச்சும் இல்லை. முழுக்க ஒரே ஓர்கன் வாசிப்பு. விண்வெளியில் சத்தம் பரவாது என்பதை அறிந்து செய்திருக்கிறார்கள் என்று நான் மகிழ்ந்தேன். மைக் பழுதாகிவிட்டது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

மிஸ் ஐறீன் மற்ற ஐந்து றீல்களையும் முடித்துவிட்டு, நாலாவதுக்கு டொறத்தி வரும்வரை காத்திருக்கச் சொன்னார். அடுத்த வாரம் அவருடைய தங்கைக்குச் சுகமில்லை என்று வடக்கே போய்விட்டார். நான் அந்த நாற்பத்திரண்டு துண்டுகளோடு தனியே இருந்தேன்.

இங்கே என் குணத்தைச் சொல்ல வேண்டும். பரீட்சை வினாத்தாளில் பிழை கண்டால் நித்திரை கொள்ளாதவன் நான். அந்தப் படமோ பிழையாலேயே செய்தது. விண்கலம் என்பது தானியக் களஞ்சியத்தின் தகரக் கூரை. தலைக்கவசம், சலூனில் பெண்களின் தலைமயிர் காயவைக்கும் கூடு. நிலவு, கல் தோண்டி எடுத்த ஒரு கிடங்கு. அங்கே ஒரு காட்சியில் பின்னால் ஒரு காகம் நடந்து போகிறது. காற்று இல்லாத இடத்தில் புகை மேலே எழும்புகிறது. நான் ஒரு பட்டியல் போடத் தொடங்கி, அறுபதைத் தாண்டிவிட்டேன்.

ஆனால் பிழைகளுக்கிடையே ஒரு ஒழுங்கு இருக்கத்தான் வேண்டும் என்று நம்பினேன். வரைபுத்தாளில் கோடு போட்டேன். தலைக்கவசம் உள்ள காட்சிகள் முதலில் வரவேண்டும். காற்று இருப்பதைக் கண்டுபிடித்த பிறகுதானே கழற்றலாம். நிழல் குறுகிய காட்சி மத்தியானம், நீண்டது மாலை. விண்கலத்தின் எரிபொருள் காட்டி குறைந்துகொண்டு போகவேண்டும். மூன்றையும் பொருத்தியபோது நாற்பத்திரண்டு துண்டும் அழகாக ஒரு வரிசைக்கு வந்தன. கதையும் நன்றாகவே இருந்தது. இயக்குநர் எடுத்ததைவிட ஒரு படி மேலே இருந்தது என்றுகூட நினைத்தேன்.

ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் புதுப் பிரதி எடுக்கும் இயந்திரத்தில் பிலிம் ஒரு திரவத்துக்குள்ளால் போகும். அதில் நாடா கழன்றுவிடும். எப்படியும் கடைசியில் பசைதான். ஆனிமாதமும் கிட்டியது. மிஸ் ஐறீன் திரும்பி வரும்போது வேலை முடிந்திருந்தால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. முதல் ஆளாக இருக்க ஆசைப்பட்டேன். வியாழனும் வெள்ளியும் உட்கார்ந்து நாற்பத்தொரு இடத்தையும் பசையால் ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் சறோவுக்கும் பிள்ளைகளுக்கும் படத்தின் பிழைகளை வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் உற்சாகமாகி, விஞ்ஞானம்தான் தெரியாது, உடுப்பிலாவது கவனம் வேண்டாமா என்றேன். கதாநாயகி போட்டிருந்த வெள்ளி நிற இடுப்புப் பட்டி ஒரு காட்சியில் இருக்கிறது, மற்றதில் இல்லை. திடீரென்று தோளிலிருந்து ஒரு போர்வை தொங்குகிறது. பிறகு கல் மாதிரிகள் வைக்கும் ஒரு பெரிய பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார், இன்னும் ஒரு கல்லும் பொறுக்க முன்னமே. சில காட்சிகளில் ஒரு பாறைக்குப் பின்னால்தான் நிற்கிறார், முன்னுக்கே வரமாட்டார்.

சறோ சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள்.

“உங்களுக்கு இன்னும் விளங்கேல்லையே?”

“என்ன விளங்கேல்லை?”

“அவ பிள்ளைத்தாச்சி.”

நான் பட்டியலைக் கீழே வைத்தேன்.

“முதல் பட்டியை ஒரு ஓட்டை தள்ளிக் கட்டியிருப்பா. பிறகு கட்டேலாமல் போயிருக்கும், போர்வை போட்டிருப்பா. போர்வையும் மறைக்காத நேரம் பெட்டி. கடைசியிலை கல்லுக்குப் பின்னாலை. மூண்டு பிள்ளை பெத்த வீட்டிலை இருந்துகொண்டு நீங்கள் எரிபொருள் பாத்திருக்கிறியள்.”

அப்போதுதான் டொறத்தி சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில், வரிசையாக. நான் ஒட்டிய றீலில் அந்த மனுஷி ஆறு மாதத்தில் தொடங்கி நாலு மாதமாகி, எட்டு மாதமாகி, மறுபடி நாலு மாதமாகிறார். பௌதிகத்தில் பிழை இல்லை. மற்றதெல்லாம் பிழை.

மிச்சச் சோற்றை நான் சாப்பிடவில்லை. உலகத்தில் இருந்தது ஒரே ஒரு பிரதி, அதை நான் பசை போட்டுப் பூட்டியிருந்தேன்.

திங்கட்கிழமை மிஸ் ஐறீன் வந்து கோட்டைக் கழற்ற முன்னமே சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்ற நினைப்போடுதான் சொன்னேன். அவர் கையுறைகளை எடுத்தார்; போடவில்லை. மேசை ஓரத்தில் நேராக வைத்தார். வழக்கமாகக் கழற்றிய பிறகு வைக்கிறவர், அன்று போடாமலே வைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

றீலை விளக்குப் பெட்டியில் மெதுவாகச் சுற்றி முழுவதும் பார்த்தார். முக்கால் மணித்தியாலம் பிடித்தது. பிறகு கேட்டார்.

“எத்தனை ஒட்டு தப்பும்?”

“ஒன்பது. முப்பத்திரண்டை வெட்ட வேண்டும்.”

“அறுபத்துநாலு பிறேம்.”

“ஓம். இரண்டு விநாடியும் மூன்றில் இரண்டு பங்கும்.”

என்னைப் பார்த்தார். கணக்குச் சொன்னதற்காகப் பார்த்தாரா, வேறு எதற்காகவும் பார்த்தாரா தெரியவில்லை. பிறகு தன் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு, கையுறைகளை மாட்டிக்கொண்டு, நான் பிடிக்கிறேன், நீங்கள் வெட்டுங்கள் என்றார். படத்தின் உரிமையாளரிடம் நீங்களே போய்ச் சொல்ல வேண்டும் என்பதையும் அதே குரலில் சொன்னார்.

மூன்று நாள் வெட்டினோம். துண்டுகளைக் கொடியில் தொங்கவிட்டோம். டொறத்தியின் கணவர் செய்ததையே நாங்களும் செய்தோம். ஒவ்வொரு துண்டையும் விளக்கில் பிடித்து மிஸ் ஐறீன் மெல்லச் சொல்வார்: ஐந்து மாதம். இது ஐந்தரை. இது ஏழு, பாருங்கள், முதுகில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். தாயார் ஒன்பது தடவை அப்படி நின்றதைப் பார்த்தவர். பட்டியில் எத்தனையாவது ஓட்டை என்று நான் உருப்பெருக்கியால் எண்ணி அட்டையில் எழுதினேன். கதை பார்க்கக் கூடாது என்ற மனுஷி, மூன்றாம் நாள் மத்தியானம், இந்தப் பெண் ஏன் அந்த மொக்கனோடு இவ்வளவு தூரம் வந்தாள் என்று கதாநாயகனைப் பற்றி என்னிடம் கேட்டார்.

இந்த முறை ஒட்டுநாடாதான். டொறத்தி வந்து பார்க்கும்வரை பசைப் போத்தலை மிஸ் ஐறீன் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு டொறத்தி வந்தார். ஒரு கண்ணில் இன்னும் கட்டு இருந்தது. மகள் லின் காரோட்டிக் கூட்டிவந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையைக் கட்டிக்கொண்டு, எப்போது முடியும் என்ற மாதிரி இருந்தாள். இந்தப் படத்தை அவள் பார்த்ததே இல்லையாம். தான் பிறந்ததால்தான் அப்பா படம் எடுப்பதை விட்டுவிட்டு வாழ்நாள் முழுக்கப் பால் லொறி ஓட்டினார் என்று சின்ன வயதிலிருந்து பெரியப்பாமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவள். அதை அவளே சொன்னாள், வானிலை சொல்வதுபோல.

நான் எழுந்து நின்று டொறத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காத்திருக்காமல் ஒட்டினேன் என்றும், இரண்டு விநாடியும் மூன்றில் இரண்டு பங்கும் இனிக் கிடையாது என்றும் சொன்னேன். அவர் நான் போட்ட வரிசை என்ன என்று கேட்டார். தலைக்கவசம், நிழல், எரிபொருள் என்று விளங்கப்படுத்தினேன். நல்ல மாணவியைப் போலத் தலையாட்டிக் கேட்டார்.

“நல்ல கதையாக இருக்கிறது. எங்களுக்குத்தான் அந்தத் தலைக்கவசம் ஆவணி மாதம்வரை கிடைக்கவில்லை” என்றார்.

அறுபத்துநாலு பிறேமைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கூடத்தில் சின்னத் திரை ஒன்று இருந்தது. விளக்கை அணைத்தார்கள்.

முதல் மூன்று றீல்களில் டொறத்தி அடிக்கடி சிரித்தார். இது எங்கள் தேவாலயத்துப் பாதர், அது எங்கள் தபால்காரர் என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நாலாவது றீல் வந்தது. நான் திரையைப் பார்க்காமல் ஒட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றிலும் ஓர்கன் ஒரு விக்கல் எடுத்தது. கதாநாயகி பட்டியைத் தளர்த்தினார், போர்வை போட்டார், பெட்டியைத் தூக்கினார். லின் கட்டியிருந்த கையை அவிழ்த்து முன்னுக்குச் சாய்ந்தாள்.

“அம்மா, அது நானா?”

“ஓம். ஏழு மாதம்.”

கடைசிக்கு முதல் துண்டு. பாறை உச்சியில் கதாநாயகி நிற்கிறார். அந்த நிலவில் வாழும் கல் மிருகம் ஒன்று அவரைப் பிடிக்க ஏறி வருகிறது. அதன் உடம்பு சாக்கும் சாந்தும். அவர் தப்பிக் கீழே குதிக்க வேண்டும். குதிக்கவில்லை. மிருகம் நின்று, திரும்பி, ஒரு படி கீழே இறங்கி, அவரை நோக்கிக் கையை நீட்டுகிறது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்துப் பார்த்து, மற்றக் காலை வைத்து, மெதுமெதுவாக இறங்குகிறார். அந்தத் துண்டை மேசையில் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். நான் பார்த்தது நிழலின் நீளத்தை.

“அந்த மிருகத்துக்குள் இருப்பது உன் அப்பா. குதி என்று எழுதியிருந்தவர் அவர்தான். அன்று காலை அந்த வரியை வெட்டிவிட்டார்” என்றார் டொறத்தி.

டொறத்தி கட்டுப்போட்ட கண்ணைத் தொட்டு, மற்றக் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார்.

“எனக்கு வடிவாகத் தெரியவில்லை. அவர் என் கையைப் பிடித்திருக்கிறாரா?”

“பிடித்திருக்கிறார். இரண்டு கையாலும்” என்றாள் மகள்.

“இரண்டு கையாலுமா,” என்றார் அவர். “எனக்கு ஒரு கை என்றுதான் ஞாபகம்.”

அவர் கால் தரையில் சரியாகப் பதியும்வரை மிருகம் பொறுமையாக நின்றது. பிறகு, கதைப்படி, அவருடைய கழுத்தை நெரிக்கத் தொடங்கியது.